சாட்சியின் உள்ளங்கை

லியோனில், குவா-ரூஸ் சரிவில்,
முன்பு சைக்கிள் கடையாக இருந்த கோயிலின்
ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது.
உள்ளே மக்வாலா முட்டை உடைக்கிறாள்.
வெள்ளைக்கருவை வழியவிட்டு
மஞ்சள்கருவை வலக்கையிலிருந்து இடக்கைக்கு,
வலக்கையைப் பாவாடையில் துடைத்து
மறுபடி அதற்கு,
ஈரம் போகும்வரை.
பிறகு தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியால் ஒரு குத்து.
தோல் மட்டும் விரலில் தொங்குகிறது.

எனக்கு மூன்று மணிக்கு வேலை.
மழைக்கு ஒதுங்கியவள் நான்.

"வரைகிறாயா?" என்றேன் என் பிரெஞ்சில்.
"எழுதுகிறேன்" என்றாள் அவளுடைய பிரெஞ்சில்.
திருவுருவத்தை எழுதுவது என்றுதான் சொல்வார்களாம்.
நாங்களும் அப்படிச் சொன்னவர்கள்தான்:
ஓவியம் எழுதினோம், கண்ணுக்கு மை எழுதினோம்,
தோளில் தொய்யில் எழுதினோம்.
அதை அவளுக்குச் சொல்ல
இரவல் மொழியில் சில்லறை போதவில்லை.
தலையாட்டினேன்.

பலகையில் பிளாந்தினா.
அடிமைப்பெண். இதே மேட்டில், சில தெருக்கள் தள்ளி,
கம்பத்தில் கட்டினார்கள்; விலங்குகள் தொடவில்லை.
இரும்பு நாற்காலியைக் காயவைத்து உட்காரவைத்தார்கள்.
வலையில் சுற்றிக் காளைமுன் எறிந்தார்கள்.
அதற்கும் முன்னால் ஒரு நாள்
விடிந்ததிலிருந்து ஆள் மாற்றி ஆள் வதைத்து
வதைத்தவர்கள்தான் களைத்துப்போனார்கள்.

பலகையில் இது எதுவுமில்லை.
காளை இல்லை. வலையின் ஒரு கண்ணிகூட இல்லை.
சிவப்பு மேலாடை.
வலக்கையில் விரல் நீளத்தில் சிலுவை.
இடக்கை மார்புக்கு நேரே,
உள்ளங்கை வெளியே பார்க்க.
முகம் இன்னும் கரும்பச்சை,
பாசி பிடித்த கிணற்றுச் சுவரின் நிறம்.
அதன்மேல் காவி. அதன்மேல் இன்னும் வெளிறிய காவி.
நிழலுக்கென்று அவள் தூரிகையைத் தொடுவதே இல்லை.

"காயங்கள்?" என்றேன்.
"அது அடித்தவனுடைய வேலை.
அவன் வேலையை நான் ஏன் எழுதவேண்டும்?"
வினிகர் தீர்ந்துவிட்டதென்று
எதிர்க்கடைக்குப் போனாள்.

நானும் பிளாந்தினாவும் பத்து நிமிடம்.

அந்தக் கை எனக்குத் தெரிந்த கை என்று நினைத்தேன்:
அபயக் கை, அஞ்சாதே.
ஆனால் அது நீளவில்லை, மார்போடு ஒட்டியிருந்தது.
விமான நிலையத்தில் காட்டுவோமே,
ஒன்றுமில்லை என்று, அதுவா?
தமிழ்க் கிறிஸ்தவர்கள் இவர்களை
இரத்தசாட்சி என்பார்கள்.
சொல்லில் இரத்தம் முந்திக்கொள்கிறது.
பலகையில் சாட்சி மட்டும் நின்றாள்.

மூன்று மணி.
அகதி மனுவுக்குத் தழும்புச் சான்றிதழ்.
அந்த அறையில் நான் வாய் மட்டும்.
கிளிநொச்சிப் பக்கத்துப் பெண்;
அதற்குமேல் சொல்ல என் தொழில் விடாது.
மருத்துவர் நல்லவர்.
அளவுகோலை உள்ளங்கையில் வைத்துச்
சூடாக்கிய பிறகே தோலில் வைப்பார்.
இடது தோள்பட்டை, நான்கு சென்டிமீட்டர்.
கொஞ்சம் திரும்புவீங்களா அக்கா.
முதுகு, பதினொன்று.
எதால?
"வயர்."
எத்தனை நாள்?
"எண்ணேல்லை."
வயருக்குப் பிரெஞ்சில் பல சொற்கள்.
எந்த வயர் என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.

தாளில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது.
மருத்துவர் கேட்டார். நான் கேட்டேன்.
அவள் இடக்கையை உயர்த்தினாள்,
மார்புக்கு நேரே,
உள்ளங்கை எங்களைப் பார்க்க.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார், மொழிபெயர்ப்புக்கு.
பதினாறு வருடத்தில்
ஒரு இருமலைக்கூட விட்டதில்லை நான்.

அளவுகோல் மேசைக்குப் போனது.
அந்தக் கட்டத்தில் அவர் என்னவோ எழுதினார்.
வாசித்துச் சொல்லும்படி
யாரும் என்னைக் கேட்கவில்லை.

கோட்டின் பொத்தான்களை
மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு
படி இறங்கும்போது அவள் கேட்டாள்:
"இஞ்ச கத்தரிக்காய் எங்க மலிவு?"
சொன்னேன்.
கியோத்தியேர் பக்கம், சனிக்கிழமை,
கடை கட்டுகிற நேரமாகப் பார்த்துப் போகவேண்டும்.